மெக்சிகன் சாப்பாடு: எது எங்கே பிறந்தது? மக்காச்சோள டோர்ட்டியா ஏன் உடைகிறது?

1 | தாளிப்பு

வணக்கம். இரண்டு கேள்விகள்.

மெக்சிகன் என்று பலகை போட்ட கடைகளில் நாச்சோஸ், புரிட்டோ, சீஸ் ஊற்றிய மொறுமொறு டாக்கோ இதெல்லாம்தான் கிடைக்கிறது. இதில் எது மெக்சிகோவில் பிறந்தது, எது வேறு எங்கோ பிறந்து பெயர் ஒட்டிக்கொண்டது?

அடுத்தது செய்முறை. கடை மக்காச்சோள மாவைச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி தட்டினால் ஓரமெல்லாம் விண்டு போகிறது. கல்லில் திருப்பும்போது இரண்டாக உடைகிறது. மைதா கலந்தால் உடைவதில்லை, ஆனால் வாசனை வேறாக இருக்கிறது. எங்கே தப்பு?

2 | கல்லுரல்

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: சுண்ணாம்பு.

நீங்கள் வாங்கியது காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மாவு. கோதுமைக்கு உள்ள இழுவை அதற்குக் கிடையாது, எத்தனை நேரம் பிசைந்தாலும் வராது. மெக்சிகோவில் சோளத்தை நேராக மாவாக்குவதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். அந்தச் சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் நெக்ஸ்ட்லி என்றால் சாம்பல், தமல்லி என்றால் மாவுப் பண்டம். விறகுச் சாம்பலிலும் இதே வேலை நடந்திருக்கிறது என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. அரைத்து வருகிற மாவு மாசா.

சுண்ணாம்பு என்ன செய்கிறது? சோளத்தின் தோலையும் உள்சதையையும் பிடித்துவைத்திருக்கும் நார்ப்பசையைக் கரைக்கிறது. கரைந்த பசை மாவுக்குள் கலந்து ஒட்டும் தன்மையைத் தருகிறது. மாவுச்சத்தும் அரைகுறையாக வெந்து உப்புகிறது. அதனால்தான் மாசா பிடித்தால் பிடித்தபடி நிற்கும், தட்டினால் தட்டின வடிவில் இருக்கும். டோர்ட்டியாவின் தனி வாசனையும் இதிலிருந்துதான்.

அளவு சொல்கிறேன். காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், நீற்றிய சுண்ணாம்புத்தூள் 10 கிராம். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம்தான். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு, கொதி வருவதற்கு முந்தைய சூட்டில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் கெட்டி ரகம், அதனால் 45 நிமிடமே சரியாக வரும். ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு இடையில் தேயுங்கள்: தோல் வழுக்கிக்கொண்டு கழல வேண்டும். அதையே பாதியாகக் கடித்துப் பாருங்கள்: நடுவில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக, வேகாத புள்ளி ஒன்று தெரிய வேண்டும். அந்தப் புள்ளி இருக்கும்போதே அடுப்பை அணைத்து மூடி, 8 முதல் 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். மீதி வேலையை ஊறலே பார்த்துக்கொள்ளும்.

காலையில் தண்ணீர் மஞ்சளாக, கொழகொழவென்று இருக்கும். வடித்துவிட்டு இரண்டு தடவை கழுவினால் போதும். எல்லாத் தோலையும் தேய்த்து நீக்கிவிடாதீர்கள், டோர்ட்டியாவுக்கு அந்தத் தோல்பசை கொஞ்சம் தேவை.

தப்பு நடக்கும் இடங்கள்: நடுப்புள்ளி மறையும்வரை வேகவிட்டால் மாசா பசைபோல் கையில் அப்பும். சுண்ணாம்பு கூடினால் சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு கசப்பு வரும். வேக்காடு குறைந்தால் மறுபடி உங்கள் பழைய விண்ட ஓரம்தான்.

3 | தாளிப்பு

இது புதிய விஷயம், நன்றி. அரைப்பது எதில்? மிக்ஸியில் முடியுமா? அரைத்த பிறகு சுடும் முறையையும் சொல்லுங்கள்.

4 | கல்லுரல்

மெக்சிகோவில் இதற்கென்றே மெதாத்தே என்று மூன்று கால் கல் இருக்கிறது. நம் அம்மியேதான், குழவியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து அரைப்பார்கள். ஊருக்கு ஊர் மின் ஆலைகளும் உண்டு. வீட்டில் கல் வைத்த கிரைண்டர் நல்லது. ஆனால் இட்லிக்கு ஊற்றுகிற மாதிரி தண்ணீர் ஊற்றினால் மாவு தோசைப் பதத்துக்குப் போய்விடும். 1 கிலோ சோளத்துக்கு 150 மில்லிக்குள் நிறுத்துங்கள், கரண்டி கரண்டியாகத் தெளியுங்கள். மிக்ஸி என்றால் ஒரு தடவைக்கு 200 கிராம், விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மாவு ஒட்டத் தொடங்கும். விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை மாதிரி தட்டுப்படலாம், நொய் மாதிரி தட்டுப்படக் கூடாது.

35 கிராம் உருண்டை எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டையான கனமான எதையாவது கொண்டு அழுத்துங்கள். 14, 15 சென்டிமீட்டர் அகலம் வரும். ஓரம் விண்டால் மாவு உலர்ந்திருக்கிறது, கை நனைத்துப் பிசையுங்கள். தாளில் ஒட்டிக்கொண்டால் ஈரம் கூடுதல்.

கோமால் என்று அவர்கள் சொல்வது நம் தோசைக்கல்தான். எண்ணெய் தடவக் கூடாது, கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். போட்டு 20, 30 விநாடியில் ஓரம் கல்லை விட்டு எழும்பும், திருப்புங்கள். இரண்டாம் பக்கம் பழுப்புப் புள்ளி விழும்வரை ஒரு நிமிடம். மறுபடி திருப்பி நடுவில் துணியால் லேசாக அழுத்தினால் உள்ளே ஆவி கூடி, மேல்தோல் தனியாகப் பிரிந்து பூரிபோல் எழும்பும். எழும்பவில்லை என்றால் கல் சூடு போதவில்லை, இல்லை மாவு உலர்ந்துவிட்டது. எடுத்ததும் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். அதன் ஆவியிலேயே மெத்தென்று ஆகும். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் நல்ல டோர்ட்டியாவும் மடிக்கும்போது உடையும்.

நேரமில்லாதவர்களுக்கு மாசா அரீனா என்று நிக்ஸ்தமாலைக் காயவைத்து அரைத்த மாவு வருகிறது. மாசேகா நிறுவனம் 1949-இல் வடக்கு மெக்சிகோவில் இந்த மாவைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது. 240 கிராமுக்கு 350 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், பிசைந்து 20 நிமிடம் மூடி வைக்க வேண்டும்.

5 | யாழ்_கறுவா

சுண்ணாம்புக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் சத்து கட்டுண்டு கிடக்கும், சாப்பிட்டாலும் உடம்பில் சேராது. சுண்ணாம்பில் வெந்தால்தான் அவிழும். ஸ்பானியர்கள் சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், இந்த முறையைக் கொண்டுபோகவில்லை. விளைவு, சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்கு பெலக்ரா நோய் வந்தது. 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதை விவரித்தார். வெயில் படும் இடங்களில் தோல் உரியும், வயிற்றுப்போக்கு, பிறகு புத்தித் தடுமாற்றம், சாவு. பின்னர் வடக்கு இத்தாலியிலும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை. நியாசின்தான் மருந்து என்ற வழி 1937-இல்தான் திறந்தது. மெக்சிகோவின் கிராமத்துப் பெண்களுடைய கைப்பழக்கத்தில் அது மூவாயிரம் ஆண்டுகளாக இருந்தது. சமையல் அறிவு எவ்வளவு பெரிய அறிவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

6 | ஆற்றுப்பாலம்

முதல் கேள்விக்கு வரேன். நாச்சோஸ் மெக்சிகோவிலேயே பிறந்ததுதான், ஆனா எல்லையில. கோவாய்லா மாநிலத்துல பியெத்ராஸ் நெக்ராஸ்னு ஒரு ஊர். ஆத்தைத் தாண்டினா டெக்சஸோட ஈகிள் பாஸ். 1940-களின் ஆரம்பத்துல, 1943-னுதான் பெரும்பாலும் சொல்வாங்க, அமெரிக்க ராணுவத்தாரோட மனைவிமார் சிலர் ஆத்தைக் கடந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாங்க. சமையல்காரர் இல்லை. இக்னாசியோ அனாயா இருந்ததை வைச்சுச் சமாளிச்சார்: பொரிச்ச டோர்ட்டியாத் துண்டு, மேலே சீஸ், ஊறுகாய் ஹாலப்பேன்யோ மிளகாய். இக்னாசியோவைச் செல்லமா நாச்சோன்னு கூப்பிடுவாங்க. பேர் அங்கேருந்து வந்தது.

அவர் செஞ்சதுல மூணே பொருள். ஒவ்வொரு துண்டுக்கும் தனியா கொஞ்சம் துருவின சீஸ், தனியா ஒரு மிளகாய் வில்லை, சூட்டுல வைச்சு சீஸ் உருகினதும் உடனே தட்டுக்கு. சிப்ஸைக் குவிச்சு மேலே மஞ்சளா திரவ சீஸை ஊத்துறது 1970-களின் நடுவுல டெக்சஸ் விளையாட்டு மைதானத்துல ஆரம்பிச்ச வழக்கம். குவிச்சா அடியில இருக்கிறது நமுத்துப் போகும், மேலே இருக்கிறது வெறுஞ்சிப்ஸாவே இருக்கும்.

வீட்டுல செய்யும்போது முந்தின நாள் டோர்ட்டியாவை எடுங்க. புதுசுல ஈரம் அதிகம், எண்ணெயைக் குடிச்சு சவசவன்னு ஆகும். நாலா வெட்டி 180 டிகிரி எண்ணெய்ல சலசலப்பு அடங்குற வரைக்கும் பொரிக்கணும். அப்புறம் 200 டிகிரி அவன்ல 4 நிமிஷம், அவ்வளவுதான்.

புரிட்டோ வடக்கு மெக்சிகோவோடது. சொனோரா, சிவாவா பக்கம் கோதுமை நாடு. ஸ்பானியரோட பயிர் அது, 17-ஆம் நூற்றாண்டுல ஏசு சபைப் பாதிரியார்கள் அந்தப் பக்கம் பரப்பினாங்க. சொனோராவுல முழங்கை நீளத்துக்கு மெல்லிசா டோர்ட்டியாவைக் கையாலயே வீசி இழுப்பாங்க, நம்ம வீச்சுப் பரோட்டா போடுற லாவகம் அதுல இருக்கும். அதைச் சுருட்டினா புரிட்டோ. உள்ளே ஒரு பொருள், மிஞ்சினா ரெண்டு: உலர்ந்த மாட்டிறைச்சி, இல்லை பீன்ஸ். சோறு, பீன்ஸ், கறி, கிரீம் எல்லாம் அடைச்சு அலுமினியத் தாள்ல சுத்துறது சான் பிரான்சிஸ்கோவோட மிஷன் பகுதி வழக்கம்.

வளைச்சுப் பொரிச்ச மொறுமொறு டாக்கோ ஓடு, சில்லி கான் கார்னேங்கிற மிளகாய்க் கறிக்குழம்பு, ஃபஹீத்தாங்கிற சுட்ட கறித் துண்டு மூணும் அமெரிக்கப் பக்கத்துல வளர்ந்தது. டெக்ஸ்-மெக்ஸ்னு தனிப் பேர் இருக்கு. அதுல குறைவு ஒண்ணும் இல்லை. டெக்சஸ் 1836 வரைக்கும் மெக்சிகோதான், அங்கே இருந்த குடும்பங்களோட அடுப்பு அது.

சீசர் சாலட்டும் எல்லைதான். 1924, தீஹுவானா, இத்தாலியிலிருந்து வந்த சீசர் கார்தினி.

7 | வரமிளகாய்

அப்படிப் பார்த்தால், கம்பியில் சுட்ட பன்றிக்கறியை டோர்ட்டியாவில் மடித்துத் தரும் டாக்கோஸ் அல் பஸ்தோரும் மெக்சிகன் இல்லையே? அது அரபு ஷவர்மா. சுழலும் கம்பி, அடுக்கிய இறைச்சி, வெட்டும் முறை எல்லாம் அப்படியே இருக்கிறது.

8 | ஆற்றுப்பாலம்

கம்பி அங்கேருந்து வந்தது, சந்தேகமே இல்லை. 19-ஆம் நூற்றாண்டு கடைசியிலிருந்து ஒட்டோமான் ஆட்சிப் பகுதியிலிருந்து, முக்கியமா லெபனான்லேருந்து, நிறையப் பேர் மெக்சிகோ வந்தாங்க. 1930-கள்ல புவெப்லா நகரத்துல தாகோஸ் அரபேஸ் வந்தது: சீரகம், ஒரேகானோ போட்ட இறைச்சி, தடிமனான கோதுமை ரொட்டி. ஆட்டுக்குப் பதிலா பன்றி. இன்னிக்கும் புவெப்லாவுல அப்படித்தான் கிடைக்கும்.

அல் பஸ்தோர் அடுத்த படி. மெக்சிகோ சிட்டியில கோதுமை ரொட்டி போய் சோள டோர்ட்டியா வந்தது. சீரக மசாலா பின்னாடி போய் குவாஹியோ மிளகாயும் நிறமேத்துற அச்சியோத்தே விதையும் முன்னாடி வந்தது. நாக்குல படுற ருசி மொத்தமும் மெக்சிகோ. அதை வெளியாள்னு என்னால ஒத்துக்க முடியாது.

வீட்டு அளவு: பன்றித் தோள்கறி 1 கிலோ, 5 மில்லிமீட்டர் தடிமன்ல தட்டையா நறுக்கினது. குவாஹியோ மிளகாய் 5, ஆஞ்சோ மிளகாய் 2, விதை எடுத்து சுடுதண்ணீர்ல 20 நிமிஷம் ஊறவைங்க. அதோட அச்சியோத்தே விழுது 40 கிராம், வினிகர் 60 மில்லி, பூண்டு 4 பல், கிராம்பு 3, ஒரேகானோ ஒரு டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், உப்பு 15 கிராம், எல்லாம் நைசா அரைச்சு தடவி ஃப்ரிட்ஜ்ல 8 மணி நேரம்.

நிறையப் பேர் கெடுத்துக்கிறது அன்னாசியில. பச்சை அன்னாசிச் சாறை மசாலாவுல ஊத்தி ராத்திரி முழுக்க வைச்சா காலையில கறி கூழாயிருக்கும். அதுல இருக்கிற புரோமலின் நொதி புரதத்தை அறுத்துடும். சமைச்ச அன்னாசி, டின் அன்னாசியில அந்த நொதி செத்துடும், பயமில்லை. பச்சைன்னா கடைசி ஒரு மணி நேரத்துக்குள்ள. இல்லைன்னா கடையில செய்ற மாதிரி சுட்டு மேலே வைங்க, அதுதான் நல்லாயிருக்கும்.

9 | வாழையிலை

நடுவில் சின்னதாக ஒன்று. பச்சை சல்சா என்ற சட்னிக்குப் போடும் தொமாத்தியோவை எல்லோரும் பழுக்காத தக்காளி என்று நினைக்கிறார்கள். இல்லை. அது நம் சொடக்குத் தக்காளியின் பேரினம். காகித உறைக்குள் இருக்கும் காய்.

பெயர் விஷயத்தில் இரண்டு மொழியும் ஒரே பாதையில் போயிருக்கின்றன. நாவாட்லில் தொமாட்ல் என்றால் முதலில் இந்த உறைக்காய்தான், சிவப்புக்கு ஷிதொமாட்ல். ஸ்பானியர் தொமாட்ல் என்ற சொல்லைச் சிவப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். மெக்சிகோ சிட்டியில் இன்னமும் சிவப்பு ஹிதொமாத்தே, பச்சை தொமாத்தே. நம்மிடமும் மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என்று பெயர் முன்பே இருந்தது. வெளிநாட்டுப் பழம் சீமைத் தக்காளியாக வந்து, பிறகு சீமையை உதறிவிட்டு முழுப்பெயரையும் எடுத்துக்கொண்டது.

சல்சா: தொமாத்தியோ 500 கிராம், உறை நீக்கி, மேலுள்ள பிசுபிசுப்பு போகக் கழுவியது. பச்சை மிளகாய் 2. கொதிக்கும் தண்ணீரில் 8 நிமிடம். பளிச்சென்ற பச்சை மங்கி, பாசி நிறத்துக்கு வந்ததும் எடுங்கள். வெடிக்கவிட்டால் புளிப்பு தூக்கலாகிவிடும். கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். இதில் பெக்டின் அதிகம், ஃப்ரிட்ஜில் வைத்தால் ஜெல்லிபோல் உறையும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கினால் சரியாகும். வயலோரச் சொடக்குத் தக்காளியைப் போடுவதானால் நன்றாகப் பழுத்ததை மட்டும். காயிலும் உறையிலும் நச்சு உண்டு.

10 | வரமிளகாய்

மோலே என்ற குழம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. மெக்சிகோவின் பெருமை அதுதான் என்பேன். புவெப்லாவில் சாந்தா ரோசா கன்னிமாடத்தில் ஆந்த்ரேயா தெ லா அசுன்சியோன் என்ற துறவி, பெரிய விருந்தாளி ஒருவருக்காக மிளகாய், மசாலா, கொட்டைகள், சாக்லேட் எல்லாம் சேர்த்து அரைத்து உண்டாக்கினார் என்று கதை. தரையிலிருந்து கூரைவரை ஓடு பதித்த அந்த அடுக்களை இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது.

கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மொல்லி என்ற சொல்லே நாவாட்ல், அரைத்த குழம்பு என்று பொருள். வெண்ணெய்ப்பழம் ஆவகாட்ல், அதோடு மொல்லி சேர்ந்தால் ஆவகாமொல்லி, அதாவது குவாகமோலே. மிளகாயும் தக்காளியும் அரைத்து வான்கோழிக்கு ஊற்றும் வழக்கம் ஸ்பானியர் வருவதற்கு முன்பே இருந்தது. கன்னிமாடங்கள் சேர்த்தது பழைய உலகச் சரக்கு: எள், வாதுமை, உலர்திராட்சை, மிளகு, கிராம்பு, பட்டை, வறுத்த ரொட்டி, பன்றிக்கொழுப்பு. ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்ததாக இருக்க வழியே இல்லை.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை. ஒன்றரை கிலோ கோழிக்கு முலாத்தோ மிளகாய் 6, ஆஞ்சோ 4, பசியா 4. காம்பும் விதையும் நீக்கிக் கொழுப்பில் ஒவ்வொரு பக்கமும் சில விநாடி மட்டும் வதக்குங்கள். வாசனை எழுந்து, நிறம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு மிளகாய் கருகினாலும் மொத்தக் குழம்பும் கசக்கும், சர்க்கரை போட்டு மறைக்க முடியாது. சுடுதண்ணீரில் 30 நிமிடம் ஊறட்டும். ஊறிய தண்ணீரை ருசி பார்த்து, கசந்தால் கொட்டிவிட்டுக் கோழிச் சாறு விட்டு அரையுங்கள். எள் 50 கிராம், வாதுமை 50, நிலக்கடலை 50, திராட்சை 40, ஒரு பழைய டோர்ட்டியா, ஒரு துண்டு ரொட்டி, பாதி நேந்திரம்பழம்: தனித்தனியாக வறுக்க வேண்டும், ஒவ்வொன்றும் சிவக்கும் நேரம் வேறு. சுட்ட தக்காளி 3, பூண்டு, வெங்காயம், கிராம்பு 3, மிளகு 6, பட்டை ஒரு விரல் நீளம்.

மிளகாய் விழுதை முதலில் கொழுப்பில் போட்டு, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை வதக்குங்கள். புளிக்குழம்பு வைக்கிற யாருக்கும் இந்தப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு கொட்டை விழுது, பிறகு சாறு. சிறு தீயில் ஒரு மணி நேரம், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே. கடைசி 15 நிமிடத்தில் சாக்லேட் 50 கிராம். அவ்வளவுதான் சாக்லேட். மோலேயைச் சாக்லேட் குழம்பு என்று சொல்வதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. அது மிளகாய்க் குழம்பு.

11 | யாழ்_கறுவா

பட்டை என்று மட்டும் எழுதிவிட்டீர்கள், அதில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மெக்சிகோவில் கனேலா என்று சொல்வது இலங்கைக் கறுவா. சுருட்டு இலைபோல் மெல்லிய அடுக்குகள், விரலால் நொறுக்கலாம், மணம் மென்மை. கடைகளில் பட்டை என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா: தடித்த ஒற்றைச் சுருள், மரத்துண்டுபோல் கெட்டி, காரமான இனிப்பு. காசியாவைப் போட்டால் மற்ற மணங்களை அமுக்கிவிடும், நன்றாக அரையவும் அரையாது. காசியாதான் இருக்கிறது என்றால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள். இன்றைக்கும் இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோதான். அரிசிப் பானமான ஓர்ச்சாத்தா, பானையில் காய்ச்சும் காப்பி, சாக்லேட், மோலே எல்லாவற்றிலும் அது வேண்டும்.

ஆசியச் சரக்கு போன வழிகளில் ஒன்று மணிலாக் கப்பல். 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் ஓடியது. மாம்பழத்தில் ஒரு வகைக்கு அங்கே மணிலா என்றே பெயர். கோலிமா கரையில் தென்னம்பாளையில் சீவி இறக்கும் பானத்தைத் தூபா என்று விற்கிறார்கள். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கொண்டுவந்த தொழில், பெயரும் அவர்களுடையது. புளித்தண்ணீரில் சர்க்கரை கலந்து எல்லா ஊரிலும் குடிக்கிறார்கள்.

12 | தாளிப்பு

ஆஞ்சோ, முலாத்தோ, பசியா இங்கே கிடைப்பது கஷ்டம். குண்டூர் மிளகாய் போட்டால்?

13 | வரமிளகாய்

வேண்டாம். அந்த மிளகாய்களை அவர்கள் சதைக்காகவும் இனிப்புக்காகவும் போடுகிறார்கள், காரத்துக்காக இல்லை. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் ஆஞ்சோ 1,000 முதல் 2,000தான். 14 குண்டூர் மிளகாயைப் போட்டால் வாயில் வைக்க முடியாது, குறைத்தால் குழம்பு கெட்டிப்படாது. பியாடகி மிளகாயை விதை நீக்கிப் போடுங்கள். குவாஹியோவுக்கு ஓரளவு ஈடு. ஆஞ்சோவின் உலர்திராட்சை இனிப்புக்குத் திராட்சையை 20 கிராம் கூட்டுங்கள். அசல் ருசி வராது, ஆனால் நல்ல குழம்பு வரும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம்: ஒரே மிளகாய்க்குப் பச்சையில் ஒரு பெயர், காய்ந்தால் வேறு பெயர். பொப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ, ஹாலப்பேன்யோவைப் புகையில் உலர்த்தினால் சிபோத்லே, சிலாக்கா காய்ந்தால் பசியா, மிராசோல் காய்ந்தால் குவாஹியோ.

14 | வாழையிலை

தமாலேயையும் சேர்த்துவிடுவோம், நம் அடுக்களையில் அதற்கு வேண்டிய எல்லாப் பாத்திரமும் இருக்கிறது. மாசாவை இலையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. வடக்கிலும் நடுப்பகுதியிலும் சோளத் தோகையில், வஹாக்கா, யுகத்தான் என்று தெற்கே போகப் போக வாழையிலையில். வாழை ஸ்பானியர் காலத்தில் போய்ச் சேர்ந்த மரம். மாவில் சேர்க்கும் பன்றிக்கொழுப்பும் அப்படியே. 1521-க்கு முன்னால் தமாலேயில் கொழுப்பு கிடையாது.

மாசா அரீனா 500 கிராம், கொழுப்பு 250 கிராம், வெதுவெதுப்பான கோழிச் சாறு 750 மில்லி, உப்பு 10 கிராம். கொழுப்பை மட்டும் முதலில் வெள்ளையாகப் பொங்கும்வரை அடியுங்கள், பிறகு மாவையும் சாற்றையும் மாற்றி மாற்றிச் சேருங்கள். உளுந்துமாவுக்குப் பார்க்கிற அதே சோதனைதான்: ஒரு சொட்டு மாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் அடியுங்கள். இலையின் நடுநரம்பை நீக்கி, அனலில் வாட்டி, பளபளப்பு வந்ததும் மடியுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழிந்து மாவு ஒழுகும். நிற்கவைத்து அடுக்கி 70 நிமிடம் ஆவி. வெந்தால் இலை ஒட்டாமல் பிரியும். ஒட்டினால் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துப் பாருங்கள். அங்கே பாத்திரத்தின் அடியில் ஒரு நாணயம் போட்டுவைப்பார்கள். கொதிக்கிறவரை கடகடவென்று சத்தம் வரும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

யுகத்தானின் கொச்சினீத்தா பிபில் என்ற பன்றிக்கறிக்கும் வாழையிலைதான். மாயா மொழியில் பிப் என்றால் மண்ணில் தோண்டிய அடுப்பு. பன்றி வருவதற்கு முன் மானும் வான்கோழியும் அதில் வெந்தன. 1.5 கிலோ தோள்கறிக்கு 100 கிராம் அச்சியோத்தே விழுது, புளிப்பு ஆரஞ்சுச் சாறு 250 மில்லி. அது இல்லையென்றால் ஆரஞ்சு இரண்டு பங்கு, எலுமிச்சை ஒரு பங்கு. இரண்டு அடுக்கு இலையில் சுற்றி மூடிய பாத்திரத்தில், 160 டிகிரியில் மூன்றரை மணி நேரம். அச்சியோத்தே என்பது வெண்ணெய்க்கும் சீஸுக்கும் நிறமேற்றும் அனாட்டோ விதை. கல்போல் இருக்கும், முதல்நாளே ஊறவைக்காமல் அரைத்தால் பல்லில் மணல் மாதிரி கடிபடும்.

15 | தாளிப்பு

முதலில் டோர்ட்டியாவைச் சரியாக்கிவிட்டு மற்றதுக்கு வருகிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா? ஒரு கிலோ சோளம் வேண்டாம், சோதனைக்குக் கொஞ்சமாக என்ன அளவு?

16 | கல்லுரல்

போடலாம், வெள்ளைச் சுண்ணாம்பாக இருந்தால். நிறமோ வாசனையோ சேர்த்தது வேண்டாம். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பும் நீற்றாத கற்சுண்ணாம்பும் கூடவே கூடாது; கல் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

சோளம் 250 கிராம், தண்ணீர் 750 மில்லி. காய்ந்த தூளாக இருந்தால் 2.5 கிராம், வெற்றிலைக்கு விற்கும் ஈரச் சுண்ணாம்பு என்றால் 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கப் தண்ணீரில் கரைத்து ஒரு நிமிடம் வைத்தால் மண்ணும் கல்லும் அடியில் தங்கும், மேலிருக்கும் பால்போன்ற தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். கை வைத்துக் கலக்காதீர்கள், கரண்டி போடுங்கள்.

சோளம் வாங்கும் இடத்தையும் கவனியுங்கள். விதைக்கடையில் இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றியது பூச்சிமருந்து கலந்தது, தொடவே வேண்டாம். ஸ்வீட் கார்னிலும் பாப்கார்னிலும் மாசா வராது. தீவனக் கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் சோளம் போதும், பூஞ்சையும் பூச்சியும் இல்லாததாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். இந்த அளவுக்கு 12, 13 டோர்ட்டியா வரும். முதல் இரண்டு கல் சூடு பிடிக்காமல் எழும்பாது, அதை வைத்து மாவைக் குறை சொல்லிவிட வேண்டாம். மூன்றாவதைப் பாருங்கள்.